ஏழாவது நாடகம்

தங்கபுஷ்பத்தின் முதல் நாடகம் அச்சாகி வந்த செவ்வாய்க்கிழமை காலையில், வெள்ளூரணி பஸ் நிலையத்தில் டீக்கடை வைத்திருந்த இசக்கிப்பாண்டியின் வாயில் இருபத்தாறு வருஷமாகக் குடியிருந்த ஒரு வாக்கியம், சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துகொண்டு போய்விட்டது. "சீனி தூக்கலா போடவா, சும்மா காட்டிட்டு எடுக்கவா?" என்று வாடிக்கைக்காரர்களிடம் கேட்பது அவர் வழக்கம். அன்றைக்கும் கேட்க வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, நாக்கு அசைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. தொண்டைக் கட்டு என்று நினைத்து வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தார். பால்காரனை வைதார், அது வந்தது. முருகனைக் கூப்பிட்டார், அதுவும் வந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் வாய் வெறும் குகையாகக் கிடந்தது.

பத்து மணிக்குள் பூக்காரி பேச்சிக்கு ஒரு வாக்கியம் போயிருந்தது. தபால் ஆபீஸ் வாசலில் மனு எழுதும் கந்தையாவுக்கு இரண்டு போயிருந்தன. மத்தியானத்துக்குள் பதினோரு பேர். பதினோரு பேரும் தங்கள் தங்கள் வாக்கியத்தைத் தேடிக்கொண்டு அலைந்து, சாயங்காலம் சவரிராயனின் அச்சகத்து வாசலில் ஒருவரையொருவர் சந்தித்துக்கொண்டார்கள். அங்கே காய்ந்தும் காயாமலும் அடுக்கியிருந்த ஐம்பது சிறு புத்தகங்களில் ஒன்றை எடுத்துப் புரட்டிய கந்தையா, நாலாம் பக்கத்தில் விரலை வைத்து, காணாமல் போன ஆட்டை அடுத்தவன் பட்டியில் கண்டவனைப்போல "இந்தா கிடக்கு" என்றார்.

தங்கபுஷ்பம் இருபத்தொன்பது வருஷம் அந்த ஊர் ரேசன் கடையில் எடை போட்டவள். வரிசையில் நிற்கிற சனம் அரிசிக்குக் காத்திருக்கும் நேரத்தில் வேறென்ன செய்யும், பேசும். மாமியாரைப் பேசும், மழையைப் பேசும், ஓடிப்போனவளையும் திரும்பி வந்தவளையும் பேசும். அத்தனையையும் கேட்டுக்கொண்டே அவள் தராசு முள்ளைப் பார்த்தபடி நிற்பாள். வீட்டுக்குப் போனதும், பயன்படாமல் போன பழைய பதிவேட்டுத் தாள்களின் பின்பக்கத்தில், கேட்டதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதிவைப்பாள். அந்தப் பேச்சுகளை ஒன்றோடொன்று கோத்துத்தான் இருபது வருஷத்தில் ஏழு நாடகங்கள் எழுதினாள். பொங்கல் விடுமுறையில் மில் தொழிலாளர்களின் மன்றம் பள்ளிக்கூட மைதானத்தில் அவற்றைப் போட்டது. தங்கள் பேச்சைத் தாங்களே கேட்டு ஊர் சிரித்தது, சில இடங்களில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

ஓய்வு பெற்றதும் அவளுக்கு ஒரே ஆசை, ஏழையும் புத்தகமாகப் பார்த்துவிட வேண்டும். மூன்று பதிப்பகங்களுக்கு எழுதிப் போட்டாள். ஒருவர், நாடகத்தைச் சனங்கள் பார்ப்பார்களே தவிரப் படிக்க மாட்டார்கள், இப்போது பார்ப்பதும் இல்லை என்று பதில் எழுதினார். இன்னொருவர், இதையே நாவலாக்கித் தர முடியுமா என்று கேட்டார். மூன்றாமவர் பதிலே போடவில்லை. சரி, நாமே போட்டுக்கொள்வோம் என்று முடிவு செய்தாள். ஆனால் முடிவு செய்வது வேறு, எப்படி என்று முடிவு செய்வது வேறு. ஏழையும் ஒரே தொகுப்பாகப் போடுவதா, தனித்தனியாகவா, முன்னுரை யாரிடம் வாங்குவது, பின்னட்டையில் தன் படம் வேண்டுமா, எத்தனை பிரதி என்று ஒன்றரை வருஷம் யோசித்தாள். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்தே தலை நரைத்த சவரிராயன்தான் கடைசியில் பொறுக்க முடியாமல், முதலில் ஒரே ஒரு நாடகத்தைச் சின்னதாக ஐம்பது அடித்துப் பார்ப்போம் அக்கா, அதற்கப்புறம் மற்றதை யோசிப்போம் என்று அவள் கையிலிருந்து தாள்களை வாங்கிக்கொண்டுபோனார். அப்படி அச்சானதுதான் 'மூணாம் தேதி வரிசை'. அதில்தான் பதினோரு பேருடைய வாக்கியங்கள் போய்ச் சிக்கிக்கொண்டன.

தங்கபுஷ்பம் பயந்துபோனாள். ஊர் திரண்டு வந்து வையும் என்று மறுநாள் காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊர் திரண்டுதான் வந்தது, ஆனால் வையவில்லை. தண்ணீர்க் குழாய் உடைந்தால் பஞ்சாயத்து ஆபீசுக்கு வருவார்களே, அப்படி வந்தார்கள். இசக்கிப்பாண்டி தன் பிரதியை அடுப்பில் போட்டு எரித்துப் பார்த்ததாகவும், வாக்கியம் திரும்பி வரவில்லை என்றும், ஒரு தகவலாகச் சொன்னார். பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் ஒரு காரணம் சொன்னார், கோயில் பூசாரி ஒரு காரணம் சொன்னார், இரண்டையும் கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க எல்லாரும் நகர்ந்தார்கள். சவரிராயன் மட்டும் நாற்பது வருஷமாக அச்சடிக்கிறவர் என்ற முறையில் ஒன்று சொன்னார்.

"எத்தனையோ பேர் எழுதினத அடிச்சிருக்கேன் அக்கா, யார் வாயும் வத்தினது கிடையாது. மத்தவங்க ஏதோ அவங்க இஷ்டத்துக்கு எழுதுவாங்க. நீங்க அப்படியே எழுதிட்டீங்க."

அவள் எழுத்துக்கு அதுவரை யாரும் அப்படியொரு பாராட்டுச் சொன்னதில்லை. அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் அவள் உள்ளே போய் எல்லாருக்கும் மோர் கொண்டுவந்தாள்.

ஒரு மாதத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. வாக்கியம் அதைச் சொன்னவர் வாயிலிருந்துதான் போகிறது, மற்றவர்கள் அதைத் தாராளமாகச் சொல்லலாம் என்பது தெரிந்ததும், ஒருவருக்கொருவர் ஒத்தாசை செய்துகொண்டார்கள். டீக்கடைக்கு வருகிறவர்கள் இசக்கிப்பாண்டியின் கேள்வியைத் தாங்களே தங்களிடம் கேட்டு, தாங்களே பதில் சொல்லி, கிளாஸை வாங்கிக் குடித்தார்கள். பேச்சியின் கூவலை அவள் நாத்தனார் பின்னாலேயே நடந்து கூவினாள். கந்தையாவுக்குப் போனவை இரண்டும் பொய்ச் சத்தியங்கள் என்பதால், புத்தகத்தில் கண்டதோடு சரி, அவர் அவற்றைத் திரும்பக் கேட்கவே இல்லை.

அதன் பிறகு, மிச்சமுள்ள ஆறு நாடகங்களில் தங்கள் பேச்சு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, முன்பு ரேசன் கடையில் நின்ற அதே வரிசை இப்போது அவள் வீட்டு வாசலில் நின்றது. அவளும் பழைய பழக்கத்தில் பேர் கேட்டு, தாளைப் புரட்டி, இருக்கிறது இல்லை என்று சொல்லி அனுப்பினாள். சிலர் தங்களுடையதை எடுத்துவிடும்படி கெஞ்சினார்கள். சிலர் சேர்க்கும்படி கெஞ்சினார்கள். கூட்டுறவு வங்கிக் குமாஸ்தாவின் மனைவி, தன் புருஷன் பதினெட்டு வருஷமாகச் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்ததும் சொல்கிற ஒரு வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்து, எந்த நாடகத்திலாவது ஒரு மூலையில் இதைப் போட்டுவிடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாரையும்விட மாடத்தியின் காரியம்தான் தங்கபுஷ்பத்தை உலுக்கியது. மாடத்தியின் மகன் கப்பலில் வேலைக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷமாகத் தகவல் இல்லை. தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் வாசலில் நின்று "நாளைக்கு வந்துருவான்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் விளக்கேற்றுவாள். முதல் நாடகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த வாக்கியம் இருந்தது. அது போன பிறகு மூன்று நாள் மாடத்தி வாசலில் வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றாள். மூன்று நாளும் விளக்கு எரியவில்லை. தங்கபுஷ்பம் போய் அவள் காலில் விழுந்துவிடலாம் என்று புறப்பட்ட நாலாம் நாள், மாடத்தி தானே எதிரே வந்தாள். பெட்டியில் இருக்கிற அவன் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா, வீணாய்த்தானே கிடக்கிறது என்று கேட்டாள். இருவரும் சேர்ந்து பெட்டியைத் திறந்தார்கள். அன்றைக்கு மாடத்தி அழுத அழுகையைத் தெருவே கேட்டது. மறுநாளிலிருந்து விளக்கு எரிந்தது.

ஆகவே ஊர் கூடி ஒரு முடிவு செய்தது. சம்மதம் கொடுத்தவர்களின் பேச்சை அச்சடிக்கலாம், சம்மதம் இல்லாதவர்களின் பேச்சை விட்டுவிட வேண்டும். எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. தங்கபுஷ்பமும் சரி என்று தலையாட்டினாள். ஐந்து நாடகங்களுக்குச் சம்மதம் வாங்கிக் குறித்தும்விட்டாள். ஏழாவது நாடகத்தைக் கையில் எடுத்தபோதுதான் தனக்கு வந்திருப்பது என்ன என்று அவளுக்குப் புரிந்தது.

ஏழாவது நாடகத்தில் மற்றப் பேச்செல்லாம் அவளே கற்பனையாக எழுதியது, நடுவில் ஒரே ஒருவருடைய வாக்கியம்தான் இருந்தது. அவள் புருஷன் வெயிலுமுத்துவினுடையது. வெயிலுமுத்து தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், வாய் ஓயாத மனுசர். பஸ்ஸில் ஏறினவர் இறங்குவதற்குள் அவர் ஊர், பேர், வயிற்றுக் கோளாறு வரை விசாரித்துவிடுவார். ஆனால் கல்யாணம் ஆன முதல் வாரம் முழுக்க அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாம் நாள் அவர் பஸ்ஸிலேயே அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். டிக்கெட் எல்லாம் போட்டு முடித்துவிட்டு, பையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, பின்னால் இரண்டு பேர் சீட்டில் தனியாக இருந்தவளின் பக்கத்தில் வந்து நின்று, "கொஞ்சம் தள்ளி உக்காரு, நானும் உக்காந்துக்கிடுதேன்" என்றார். அதுதான் அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு. அதற்கப்புறம் முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனை சண்டை வந்தாலும், எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாலும், கடைசியில் அவள் இருக்கிற பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்று அதையேதான் சொல்வார், சண்டை தீர்ந்துவிடும்.

ஏழாவது நாடகம் அதுதான். பிரிந்துபோன ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பல வருஷம் கழித்து ஒரே பஸ்ஸில் ஏறுகிறார்கள். ஒரு மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மற்ற எல்லாரோடும் பேசுகிறார்கள். கடைசியில் அவன் வந்து நின்று அந்த வாக்கியத்தைச் சொல்கிறான், நாடகம் முடிகிறது. மைதானத்தில் அதைப் போட்ட அன்று வெயிலுமுத்து முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்து, "ஏட்டி, என் சொத்தத் தூக்கி மேடையில வச்சிட்டியே" என்றார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பாதிக்குப் பாதி திரும்பி வந்தன. பேச்சு மட்டும் திரும்பவில்லை. டாக்டர்கள் கைவிட்ட ஆறாம் மாதம் ஒரு காலையில், அவள் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, தெளிவாக, பழைய குரலில், அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார். அது மட்டும்தான் மிஞ்சியிருந்தது. பசித்தாலும் அதைத்தான் சொன்னார், வலித்தாலும் அதைத்தான் சொன்னார், மழை வந்தால் கொடியில் கிடக்கிற துணியைக் காட்டி அதையே சொன்னார். இழுத்துச் சொன்னால் பசி, வெட்டிச் சொன்னால் கோபம், இரண்டாம் பாதியில் குரல் தாழ்ந்தால் தூக்கம். தங்கபுஷ்பத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு வாக்கியத்துக்குள் ஒரு குடும்பம் நடந்தது.

இதை அச்சடித்தால் அவருக்கு ஒன்றுமே இருக்காது.

முதலில் அந்த நாடகத்தை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆறு போதும் அக்கா, யார் கேட்கப்போகிறார்கள் என்று சவரிராயனும் சொன்னார். ஆனால் ஆறும் ஊர் அவளுக்குக் கொடுத்தவை, கோத்தது மட்டுமே அவள். ஏழாவதை மட்டும்தான் தன் எழுத்து என்று அவள் மனசுக்குள் வைத்திருந்தாள். பிறகு அந்த வாக்கியத்தை மட்டும் மாற்றிப் பார்த்தாள். நகர்ந்து உட்கார், இடம் கொடு, பக்கத்தில் யாராவது வருகிறார்களா என்று இருபது விதமாக எழுதி, மன்றத்தில் நடித்தவர்களைக் கூட்டி வாசித்துக் காட்டினாள். அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். அந்த வாக்கியம் இல்லாமல் அது நாடகமாகவே இல்லை, இரண்டு பேர் பஸ்ஸில் போகிறார்கள், அவ்வளவுதான்.

பஸ் நிலையத்து மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஷகிலா பானுதான் இன்னொரு வழி சொன்னாள். காகிதமே வேண்டாம் அக்கா, செல்போனில் படிக்கிற புத்தகமாகப் போட்டுவிடலாம், வேண்டுகிறவர்கள் திறந்து படித்துக்கொள்வார்கள் என்றாள். அதில் பேச்சு போகுமா போகாதா என்று யாருக்கும் தெரியாது. ஷகிலா தன்னையே சோதனைக்குக் கொடுத்தாள். ஐந்தாவது நாடகத்தில் அவளுடைய வாக்கியம் ஒன்று இருந்தது, "கரண்டு வரட்டும், வந்ததும் மொத வேலை உங்களுதுதான்." அந்தக் காட்சியை மட்டும் போனில் ஏற்றினாள். தங்கபுஷ்பம் திறந்து அந்தப் பக்கத்தைப் படித்தாள். எதிரே ஷகிலா வாயைத் திறந்தாள், சத்தம் இல்லை. தங்கபுஷ்பம் போனை மூடினாள். "மொத வேலை உங்களுதுதான்" என்று ஷகிலாவின் குரல் அறை முழுக்க வந்தது. மூன்று தடவை செய்து பார்த்தார்கள். காகிதம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது, போன் இரவல் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கிறது.

யோசிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். கடைசியில், சம்மதம் கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிடுவதுதான் முறை என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயிலுமுத்துவைச் சாப்பிடச் செய்து, வாயைத் துடைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"படிக்கிற நேரம் மட்டும் உங்க கிட்ட இருக்காது. படிச்சு முடிச்சா வந்துரும். போடட்டுமா, வேண்டாமா? நீங்க சொல்லுறதுதான்."

அவர் அவளையே பார்த்தார். வாய் கோணிக்கொண்டு, மெதுவாக, "கொஞ்சம் தள்ளி உக்காரு, நானும் உக்காந்துக்கிடுதேன்" என்றார். இழுக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. அது சம்மதமா மறுப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்டாள், மறுபடி அதையே சொன்னார். தலையை ஆட்டுங்கள் என்றாள், ஆட்டவில்லை. அவளுக்கு வேண்டிய பதிலைத்தான் அவர் சொன்னார் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். அப்படி முடிவு செய்தது தான்தான் என்பதையும் அவள் அறிந்தே இருந்தாள்.

ஆறு நாடகங்களின் தொகுப்பு முந்நூறு பிரதிகள் அச்சாகி வந்தது. வாக்காளர் பட்டியலில் பேர் தேடுகிற மாதிரி ஊரே அதில் தங்கள் பேச்சைத் தேடியது, கண்டதும் மூடி வைத்தது. மனைவி எப்படியோ சம்மதம் வாங்கித் தந்த சீட்டுக்கும் ஒரு மூலை கிடைத்திருந்ததால், குமாஸ்தா தட்டு முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்து மூடிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். ஏழாவது நாடகம் ஷகிலாவின் கம்ப்யூட்டர் வழியாக எங்கோ போய், எல்லாருடைய செல்போனுக்கும் எட்டுகிற ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

இரண்டு மாதம் யாரும் அதைத் திறக்கவில்லை. வெயிலுமுத்து வழக்கம்போல விடிந்தால் பேசினார், அடைந்தால் பேசினார். ஒவ்வொரு முறை அவர் பேசும்போதும் தங்கபுஷ்பத்துக்கு மனசு குளிர்ந்தது, அதே நேரத்தில் ஓர் ஓரத்தில் முள் குத்தியது. இந்த நிமிஷம் உலகத்தில் ஒருவரும் என் நாடகத்தைப் படிக்கவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்.

ஆடி மாதம் பதினேழாம் தேதி, கருப்பட்டிக் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் வாயைத் திறந்தார், வெறும் காற்று வந்தது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு நிமிஷம் ஆயிற்று. முகம் தெரியாத யாரோ ஒருவர் எங்கேயோ கடைசிப் பக்கத்தில் நாலு நிமிஷம் நின்றிருக்கிறார். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. குரல் திரும்பி வந்தபோது அவர் பயந்து போய்ப் பத்துத் தடவை தொடர்ந்து அதையே சொன்னார். அவர் முதுகைத் தடவிக் கொடுத்தபடி, நான் சிரித்துக்கொண்டிருக்கிறேனே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

புரட்டாசியில் கோயம்புத்தூரிலிருந்து நித்திலா என்று ஒரு கல்லூரிப் பேராசிரியை போன் செய்தாள். பெண்கள் கல்லூரி, நாடகக் குழு, உங்கள் ஏழாவது நாடகத்தைப் போடப்போகிறோம், கடைசிக் காட்சிதான் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை, அதையே திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள் என்றாள். அன்றிலிருந்து தினமும் நாலு மணி முதல் ஆறு மணி வரை வெயிலுமுத்துவுக்குப் பேச்சு இல்லை. ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. வாசலில் அவர் வாய் மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், "இப்பப் படிக்காங்க போல" என்று சொல்லிக்கொண்டு போனார்கள், கரண்டு போயிருக்கிறது என்பதுபோல. ஆறு மணிக்கு அவர் குரல் வந்ததும் எதிர்வீட்டுக்காரர் எழுந்து மாட்டைக் கட்டப் போவார்.

ஒரு நாள் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கூப்பிடக் குரல் இல்லாமல் சுவரைத் தட்டிக்கொண்டு கிடந்தார். அவள் வந்து பார்க்க அரை மணி நேரம் ஆகிவிட்டது. மறுநாள் காலையில் நேரே ஷகிலாவின் மாடிக்கு ஏறிப் போனாள். புத்தகத்தை எடுத்துவிடு என்று சொல்லத்தான் போனாள். ஒரு தட்டுத் தட்டினால் போதும், போய்விடும் என்று ஷகிலா முன்பே சொல்லியிருந்தாள். தங்கபுஷ்பம் அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தாள். ஷகிலாவின் மகள் படிப்பைப் பற்றிக் கேட்டாள், மின்விசிறிக்குக் கீழே தள்ளி உட்கார்ந்து வேர்வையைத் துடைத்தாள், சரி வாரேன் என்று எழுந்து வந்துவிட்டாள். படிக்கட்டில் இறங்கும்போது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளைக்கும் அப்படியே நினைத்தாள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் குரல் திரும்பவில்லை. ஒத்திகை நீண்டிருக்கும் என்று இருந்தாள். ஏழாயிற்று, எட்டாயிற்று. எதிர்வீட்டுக்காரர் மாட்டைக் கட்டாமல் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். மறுநாள் விடிந்தும் அவர் வாயில் காற்றுதான் வந்தது. அவள் கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள்.

"நல்ல நேரத்துல கூப்பிட்டீங்கம்மா" என்றாள் நித்திலா, குரலெல்லாம் சந்தோஷமாக. "போனைக் கையில வெச்சுக்கிட்டுப் பிள்ளைங்களுக்கு நடிக்க வரலைங்க. அதான் நேத்து எல்லாருக்கும் ஒவ்வொரு பிரதி பிரிண்ட் எடுத்துக் குடுத்துட்டேன். பதினாலு பேருக்கும்."

 தங்கபுஷ்பத்துக்குக் கேட்க வேண்டியது ஆயிரம் இருந்தது, கேட்டுப் பிரயோசனமுள்ளது ஒன்றும் இல்லை. காகிதத்தில் ஏறியதை எரித்தாலும் வாய்க்குத் திரும்பாது என்பது ஊருக்கே தெரியும். அந்தப் பெண் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை, நாடகத்தை நேசித்திருக்கிறாள். "நல்லதும்மா" என்றாள். வைத்துவிட்டாள்.

செய்தி பரவியதும், சாவு வீட்டுக்கு வருகிறமாதிரியும் இல்லாமல், வராதமாதிரியும் இல்லாமல், ஒவ்வொருவராக வந்தார்கள். இசக்கிப்பாண்டி கூஜாவில் டீ கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றினார். சவரிராயன் மூலையில் நின்றுகொண்டு தன் விரல் மசியைச் சுரண்டினார். ஷகிலா, இப்போதாவது எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள், எடுத்து என்ன செய்ய என்று தங்கபுஷ்பம் சொன்னாள். வந்தவர்கள் வெயிலுமுத்துவின் வாக்கியத்தை அவருக்காகச் சொல்லிப் பார்த்தார்கள், டீக்கடையில் செய்கிறார்களே அப்படி. ஆனால் அவர் எதற்காக அதைச் சொல்ல நினைக்கிறார் என்பது யாருக்குத் தெரியும். பசிக்காகவா, வலிக்காகவா. ஒருவர் சொல்ல, இன்னொருவர் இழுத்துச் சொல்ல, அவர் மலங்க மலங்க விழித்தார். மாடத்தி எல்லாரையும் அனுப்பிவிட்டு, டீ கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கதவடியில் உட்கார்ந்தாள். பழைய வாக்கியம் போன பிறகு மாடத்திக்கு வேறு பேச்சு வந்ததைப்போல இவருக்கும் வரும் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். மாடத்தி அதைச் சொல்லவில்லை.

கார்த்திகையில் நாடகத்துக்கு அழைத்தார்கள். தனியாகப் போக மனசில்லாமல் அவரையும் கூட்டிக்கொண்டு போனாள். பெரிய அரங்கம், குளிர்சாதனம், எண்ணூறு பிள்ளைகள். மேடையில் நிஜ பஸ்ஸைப் பாதியாக அறுத்து வைத்தமாதிரி இரண்டிரண்டு சீட்டாகப் போட்டிருந்தார்கள். புருஷன் வேஷத்துக்கு உயரமான ஒரு பெண், தோளில் தோல்பை. அந்தப் பெண் கடைசியில் வந்து நின்று, எழுதியிருந்தது ஒன்று, நாக்கு சொன்னது ஒன்றாக, தன் ஊர்ப் பேச்சில் "உக்காந்துக்கறேன்" என்றாள். எண்ணூறு பேரும் மூச்சுவிடாமல் இருந்து, அப்புறம் எழுந்து கை தட்டினார்கள். தன் வாழ்நாளில் கேட்டிராத அந்தச் சத்தம் தலைக்கு மேல் கொட்டிக்கொண்டிருக்கும்போது தங்கபுஷ்பம் திரும்பி அவரைப் பார்த்தாள். பஸ் கூரையில் வேறு யாருடைய மூட்டையோ ஏற்றுகிறதைப் பார்க்கிற கண்டக்டரைப்போல அவர் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தன்னுடையது என்று தெரிந்ததா, தெரியவில்லையா, அவளுக்குப் புரியவில்லை.

கல்லூரி விடுதியில் தங்கி, மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினார்கள். அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். பல்லடம் தாண்டியதும், "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள். பழைய பழக்கத்தில் காதைத்தான் அவர் பக்கம் திருப்பினாள். காது கேட்க ஒன்றும் இல்லை என்று உணர்ந்து, முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் மனிதர்களின் பேச்சை ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்டவள், ஒருவர் முகத்தை அப்படிப் பார்த்ததே இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் புருவம் சுருங்கியிருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள், தள்ளிவிட்டார். வெயில் அடிக்கிறது என்று நினைத்து ஜன்னல் திரையை இழுத்தாள், புருவம் அப்படியே இருந்தது. ஒன்றுக்குப் போக வேண்டுமோ என்று எழுந்து போய் கண்டக்டரிடம் சொன்னாள். நல்ல மனுசர், ஒரு புளியமரத்தடியில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். வெயிலுமுத்து எழுந்திருக்கவில்லை. ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், டிரைவர் காத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். பசியோ என்று ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தாள். வாங்கினார், சாப்பிடவில்லை, கையில் வைத்திருந்தார். உதடு இரண்டு தடவை பிரிந்து மூடியது.

அவர் அவளிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அல்லது எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். தங்கபுஷ்பம் பழத்தோலை மடியில் வைத்துக்கொண்டு, அந்த முகத்தின் கண்ணையும் நெற்றியையும் கோணிய வாய் ஓரத்தையும் புதிதாக எழுத்துப் படிக்கிறவளைப்போல ஒவ்வொன்றாகப் பார்த்தாள், ஒன்றும் கூடி வரவில்லை. பஸ் தாராபுரத்தைத் தாண்டியது. ஊர் வந்து சேர இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.